பால்காரருக்கு மட்டும் ஷாக் அடித்த கேட்டு

1

போன மாதம் ஒரு நாள் மதியச் சாப்பாட்டு வேளையில் என் கைபேசிக்கு ஒரு படம் வந்தது. ஒரு மரப்பெட்டியின் மூடி, அதன் உட்பக்கம். பென்சிலால் கொஞ்சம் சாய்வாக ‘தேவராஜ், எலக்ட்ரீஷியன், கிளியனூர்’ என்று எழுதியிருந்தது. என் கையெழுத்துதான். அந்த வயதில் கொக்கிகளையெல்லாம் தேவைக்கு மேல் இழுத்து எழுதுவேன்.

எங்கள் பக்கத்தில் நாங்கள் சிலர், ஒரு வீட்டுக்கு வயரிங் முடித்ததும் மெயின் போர்டு மூடியின் உள்ளே பெயரை எழுதிவிட்டு வருவோம். நாளைக்கு ஃபியூஸ் போனால் நம்மைத்தானே கூப்பிடுவார்கள் என்ற கணக்கு. பதினெட்டு வருடம் கழித்து, நான் மஸ்கட்டில் ஒரு வணிக வளாகத்தின் பின்கட்டில் உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிடும்போது அது சம்மன் மாதிரி வந்து நிற்கும் என்று யார் கண்டது?

படத்துக்குக் கீழே ஒரு குரல் பதிவு இருந்தது.

“அண்ணே, வணக்கம்ணே. என் பேரு வேலு. திண்டிவனத்துல எலக்ட்ரீஷியன். கிளியனூருக்குப் போயி உங்க தம்பியப் பாத்து நம்பர் வாங்கினேன். கமலா சிஸ்டர் வூட்ல இருந்து பேசறேன். நீங்க ஒயரிங் பண்ண வூடாமே. கேட்டு மேல இரும்பு ஆர்ச்சு இருக்குதில்ல, அதுல புதுசா ஒரு லைட்டு மாட்டினேன். மாட்டிப் பத்து நாளாவுது. இப்ப கேட்டத் தொட்டா ஷாக் அடிக்குதுன்னு பால்காரர் சொல்றாரு. அவருக்கு மட்டும்தாண்ணே அடிக்குது. சிஸ்டருக்கு அடிக்கல, எனக்கு அடிக்கல, வேலைக்கு வர்ற அம்மாவுக்கு அடிக்கல. மூணு வாட்டி வந்து டெஸ்டர் வச்சுப் பாத்துட்டேன், ஒண்ணுமே இல்ல. ஒரே பேஜாரா இருக்குது. நீங்களே சொல்லுங்க.”

கமலா சிஸ்டர் திண்டிவனம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் முதன்முதலில் தனியாக ஒப்புக்கொண்டு வயரிங் செய்தது அவர் வீட்டைத்தான். இப்போது எழுபதைத் தாண்டியிருப்பார். மகன் பெங்களூரில் இருக்கிறான், அவர் தனியாகத்தான் இருக்கிறார்.

தயிர் சாதம் அப்படியே இருந்தது. அடிக்கிற ஷாக் எல்லோருக்கும் அடிக்க வேண்டும், இல்லையென்றால் யாருக்கும் அடிக்கக் கூடாது. ஆள் பார்த்து அடிக்கிற கேட்டை நான் இருபது வருடத்தில் கேள்விப்பட்டதில்லை. ஊரில் ஐப்பசி மழை தொடங்கப் போகிறது. காய்ந்த தரையில் சுர்ரென்று அடிக்கிற இரும்பு, ஈரத்தில் நிற்கிற ஆளை விடாது.

2

ஊரிலிருந்து எனக்கு இப்படிக் கேள்விகள் வருவது புதிதல்ல. வெளிநாட்டில் இருக்கிற எலக்ட்ரீஷியனுக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. “சுவிட்சை அணைச்ச பிறகும் எல்.இ.டி. பல்பு மினுக்மினுக்னு எரியுது, பேயா?” என்று சொந்தக்காரர் ஒருவர் கேட்டார். பேய் இல்லை, அவர் சுவிட்சில் இருக்கிற சின்னச் சிவப்பு இண்டிகேட்டர் விளக்கு வழியாகக் கசிகிற மின்சாரம். பழைய குண்டு பல்புக்கு அது ஏப்பத்துக்கும் காணாது, எல்.இ.டி.க்கு அதுவே விருந்து. ஃபேனுக்கு வைத்த ரெகுலேட்டரில் விளக்கை மாட்டிவிட்டு ஏன் துடிக்கிறது என்று கேட்டவரும் உண்டு. இந்தக் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். சம்பளம் இல்லாத இந்த வேலையில்தான் எனக்கு உண்மையான குஷி.

இங்கே எனக்கு யாரும் கேள்வி கேட்பதில்லை, படிவம்தான் கேட்கும். நடைபாதையில் ஒரே ஒரு விளக்கு மாற்ற வேண்டுமென்றால் முதலில் அனுமதிச் சீட்டு. அதில் நான், என் மேற்பார்வையாளர், பாதுகாப்பு அதிகாரி என்று மூன்று கையெழுத்து. பிறகு பிரேக்கரை அணைத்து என் பூட்டைப் போட வேண்டும். ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு சிவப்புப் பூட்டு உண்டு, அதில் பெயரும் புகைப்படமும் தொங்கும். இந்த ஆள் உள்ளே கை வைத்திருக்கிறான், திறக்காதே என்று அர்த்தம். விளக்கு மாற்ற ஐந்து நிமிடம், அதற்கு முன்னும் பின்னும் ஒன்றரை மணி நேரம். வந்த புதிதில் பழுதுக்கான காரணம் என்ற கட்டத்தில் ‘கரண்ட் வரவில்லை’ என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். எகிப்துக்கார இன்ஜினியர் அதைப் படித்துவிட்டு “ஏன், விடுமுறையில் போயிருக்கிறதா?” என்று கேட்டார். அன்றைக்கு முழுவதும் எரிச்சலாக இருந்தது.

அந்தப் பூட்டையும் படிவத்தையும் ஊரில் பல பேரிடம் கிண்டல் செய்திருக்கிறேன். திண்டிவனத்தில் இந்த நேரத்துக்கு ஒரு வீட்டையே முடித்திருப்பேன் என்று மார் தட்டியிருக்கிறேன்.

3

சாயந்திரம் வீட்டில் வேலுவின் பதிவை மறுபடி போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் மகள் ஜெனி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பத்தாம் வகுப்பு. இங்கேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. சின்ன வயதில் ஊருக்குப் போனபோது கரண்ட் போனதும் “எங்க போச்சு? எப்ப திரும்பி வரும்?” என்று தெருவரைக்கும் தேடிப் போனவள். அவள் பிறந்து வளர்ந்த இந்த வீட்டில் விளக்கு ஒருநாளும் தானாக அணைந்ததில்லை. ஊர்ப் பேச்சு என்றால் பொதுவாகக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வாள். அன்று மாட்டவில்லை.

“பால் அங்கிள் மட்டும் என்னப்பா ஸ்பெஷல்?” என்றாள்.

“ஒருவேளை செருப்பு இல்லாம வர்றாரோ என்னமோ.”

“அது இல்லப்பா. ஆளை விடுங்க. டைம் என்ன? யார் யார் எத்தனை மணிக்கு அந்த கேட்டைத் தொடறாங்க?”

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். இருபது வருட அனுபவஸ்தன் ஆளைப் பார்த்தேன், இவள் கடிகாரத்தைப் பார்க்கிறாள். பெருமையும் வந்தது, லேசாகக் கோபமும் வந்தது.

உடனே சிஸ்டருக்குப் போன் போட்டேன். குரல் அப்படியேதான் இருந்தது, ஊசி போடுவதற்கு முன்னால் அதட்டுகிற குரல்.

“யாரு, பச்சை ஒயர் தேவாவா? உயிரோடதான் இருக்கிறியா? ஊருக்கு வந்தா எட்டிப் பாக்கறதில்ல. இப்ப கேட்டு அடிக்குதுன்னதும் போன் வருது.”

“மன்னிச்சுக்கங்க சிஸ்டர். பால்காரர் எத்தனை மணிக்கு வர்றாரு?”

“ஏழுமலையா? ஆறரை. கேட்டுல கொக்கி இருக்குது, அதுல பைய மாட்டிட்டுப் போயிடுவான். அவனுக்குக் கொழுப்பு. பால் தண்ணியா இருக்குதுன்னு சொன்னேன் இல்ல, அதுக்குப் பதிலுக்கு என் கேட்டு அடிக்குதுன்றான்.”

“நீங்க எப்ப பைய எடுப்பீங்க?”

“குளிச்சிட்டு வந்துதான். ஏழு, ஏழே கால் ஆவும்.”

“ஆறரைக்கு வீட்டுல என்ன ஓடும்? யானி, மிக்ஸி, மோட்டார், அந்த மாதிரி.”

“யானியா? அது யாரு? ஆறரைக்குக் கீசரப் போடுவேன். வெந்நி காயறதுக்குள்ள சாமி கும்பிடுவேன். வேற ஒண்ணும் ஓடாது.”

‘யானி’ அரபியில் ‘அதாவது’ என்பதற்குச் சொல்கிற வார்த்தை. என்னையறியாமல் நாக்கில் ஒட்டிக்கொண்டது. அதை அவருக்கு விளக்காமலே அடுத்த கேள்வியைக் கேட்டேன்.

“கீசர் போட்டா ஃபேன் ஸ்லோவாகுதா? லைட் மங்குதா?”

“மங்கும். ரெண்டு மாசமா மங்குது. வயசாவுதில்ல, வூட்டுக்கும் எனக்கும்.”

வேலைக்கு வருகிற அம்மாவும் வேலுவும் கேட்டைத் தொட்ட நேரத்தையும் கேட்டுக்கொண்டேன். ஜெனி என் நோட்டை இழுத்து ஆங்கிலத்தில் எழுதினாள். பால்காரர் ஆறரை, கீசர் ஓடுகிறது. சிஸ்டர் ஏழே கால், கீசர் அணைந்திருக்கிறது. வேலைக்கார அம்மா பத்து மணி, வேலு நண்பகல், இருவருக்கும் கீசர் இல்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கேட்டு ஆள் பார்க்கவில்லை, கீசரைப் பார்த்திருக்கிறது. ஏழுமலை பாவம், பத்து நாளாகப் பொய்யன் என்று பேர் வாங்கிக்கொண்டிருந்தார்.

4

திண்டிவனத்தில் ஆறரை என்றால் இங்கே ஐந்து மணி. ஐந்தரைக்கு என் கம்பெனி வேன். மறுநாள் சட்டையை மாட்டிக்கொண்டு வீடியோ அழைப்பில் உட்கார்ந்தேன். தூங்குமூஞ்சியோடு ஜெனியும் எழுந்து வந்துவிட்டாள்.

படத்தில் சிஸ்டர் வீட்டுக் கேட்டு தெரிந்தது. மேலே இரும்பு ஆர்ச், அதில் பெட்டி போல ஒரு இரும்பு விளக்கு, வேலு நன்றாகவே மாட்டியிருந்தான். அவனுக்கு முப்பது வயது இருக்கும், ரப்பர் செருப்போடு நின்றான். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஏழுமலையும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தீர்ப்பு கேட்க வந்தவர் மாதிரி இருந்தது முகம்.

“யாரும் கேட்டைத் தொடாதீங்க. வேலு, டெஸ்டரை மட்டும் வை.”

“வச்சிட்டேண்ணே. எரியல.”

“சிஸ்டர், இப்ப கீசரைப் போடுங்க.”

உள்ளேயிருந்து “போட்டாச்சு” என்று குரல் வந்தது. டெஸ்டரின் பிடிக்குள் செம்மஞ்சளாக ஒரு பொட்டு எரிந்தது.

“எரியுதுண்ணே,” என்றான் வேலு, ரொம்ப மெதுவாக.

“சிஸ்டர், அணைங்க.”

பொட்டு அணைந்தது. மறுபடி போடச் சொன்னேன், மறுபடி எரிந்தது. பிறகு சிஸ்டரே வாசலுக்கு வந்து பார்த்தார். ஏழுமலை அவரிடம் சொன்னது இங்கே வரை கேட்டது.

“பத்து நாளா சொல்லிக்கினு இருக்கிறேன். பாலுல தண்ணின்னீங்க. இப்ப டெஸ்டர்லயும் தண்ணி கலந்துட்டேனா?”

சிஸ்டர் உள்ளே போய்க் கீசரை அணைத்தார்.

வேலுவிடம் மெயினை அணைத்து மூடியைத் திறக்கச் சொன்னேன். மெயின் சுவிட்சுக்குள் நியூட்ரல் ஒயரை முறுக்கிய இடம் கறுத்து, பொடிப்பொடியாக இருந்தது. பதினெட்டு வருடத்துக்கு முன் நான் முறுக்கியதுதான். சிவப்பு ஒயரில் வருகிற மின்சாரம் நியூட்ரல் வழியாகத்தான் திரும்பிப் போக வேண்டும். அந்த வழி இப்படிக் கறுத்துக் குறுகிவிட்டால், கீசர் மாதிரி பெரிய சாமான் ஓடும்போது அது வேறு வழி தேடும். சரி, அது புரிந்தது. ஆனால் அது ஏன் கேட்டைத் தேடிப் போனது?

“வேலு, அந்த ஆர்ச் லைட்டுக்கு எர்த் கொடுத்தியா?”

“குடுத்தேண்ணே. இரும்பு லைட்டு, எர்த்து இல்லாம மாட்ட மாட்டேன்.”

“எதுல சேத்த?”

“பச்சையிலதாண்ணே. போர்டத் தொறந்தா அவ்ளோ பச்சை இருக்குதே. பச்சைன்னா எர்த்துதானே?”

கீழே வேன் ஹாரன் அடித்தது.

“என்னண்ணே, லைன் கட்டாயிடுச்சா?”

“இல்ல வேலு. அந்தப் பச்சை எர்த் இல்ல. அதான் நியூட்ரல்.”

5

வேனில் நாற்பது நிமிடம் போகும்போது எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது.

சிவப்பு என்றால் மின்சாரம் வருகிற ஒயர், கறுப்பு என்றால் நியூட்ரல், பச்சை என்றால் எர்த், கசிகிற மின்சாரத்தைத் தரைக்குள் இறக்குவது. ஐ.டி.ஐ.யில் முதல் வாரமே சொல்லிக் கொடுப்பார்கள். ஆனால் சிஸ்டர் அன்றைக்கு நான் கொண்டுபோன கறுப்புச் சுருளைப் பார்த்ததும் முகம் சுளித்தார். “கறுப்பு வேணாம் தேவா. புது வூடு. செவுத்துக்குள்ள பூரா கறுப்பு ஓடுதுன்னு தெரிஞ்சா எனக்குத் தூக்கம் வராது.” எத்தனையோ பிணங்களைப் பார்த்த நர்ஸ், ஒயர் நிறத்துக்குப் பயந்தார். கடைக்காரர் “அதுக்கென்ன, பச்சை எடுத்துக்கினு போ, மங்களகரம்” என்றார். நானும் எடுத்துக்கொண்டு போனேன். எர்த்துக்கு உறை இல்லாத செம்புக் கம்பியைப் போர்டுக்குப் பின்னால் இழுத்துவிட்டேன். அதை வேலு பார்த்திருக்க வழியே இல்லை. அவன் விளக்கைப் பச்சையில் சேர்த்ததும், திரும்பிப் போக வழியில்லாத மின்சாரம் ஆர்ச் வழியாகக் கேட்டுக்கு வந்திருக்கிறது.

சிஸ்டர் வீடு இருக்கிற மனைப்பிரிவில் அந்த வருடம் வரிசையாக வீடு எழும்பியது. கறுப்பே இல்லாமல் வயரிங் செய்கிற பையன் என்று பேர் பரவி, பச்சை ஒயர் தேவராஜ் ஆனேன். ராசியான கை என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அங்கேயும் சுற்றுவட்டாரத்திலும் மொத்தம் பத்து வீடு. அடுத்த வருடம் விசா வந்து இங்கே வந்துவிட்டேன்.

வேலு செய்தது நூற்றுக்கு நூறு சரி. சோம்பேறியாக எர்த் கொடுக்காமல் மாட்டியிருந்தால் அந்தக் கேட்டு யாரையும் அடித்திருக்காது. ஒழுங்காக வேலை செய்தவன் கையாலேயே ஒருவரைச் சாகடிக்கிற மாதிரி ஒன்றை நான் சுவருக்குள் புதைத்து வைத்துவிட்டு விமானம் ஏறியிருக்கிறேன். இன்னும் ஒன்பது வீடு இருக்கிறது. எவனாவது நல்ல எலக்ட்ரீஷியன் எந்த வீட்டிலாவது இரும்பு விளக்கோ வாஷிங் மெஷினோ மாட்டி, பொறுப்பாகப் பச்சையைத் தேடிப் பிடிப்பான்.

சாயந்திரம் இதையெல்லாம் சொன்னபோது ஜெனி கேட்டாள். “ரூல் தெரியாம பண்ணீங்களா, தெரிஞ்சே பண்ணீங்களா?”

“அப்பல்லாம் எல்லாரும் அப்படித்தான்மா. ஊர்ல இதெல்லாம் யாரும் பெருசா பாக்க மாட்டாங்க.”

அவள் தலையாட்டினாள். நான் சொன்னதை நானே பாதி நம்பினேன்.

அன்று வேலுவிடம் கேட்டுக்கொண்டேன், ஒன்பது வீட்டையும் பார்க்க வேண்டும் என்று. ஆனால் முதலில் கிளியனூருக்குப் போய் எங்கள் வீட்டைப் பார், அங்கே அம்மா இருக்கிறாள், தம்பி பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றேன். அதையும் அதே வருடம்தான் வயரிங் செய்தேன். என்ன ஒயர் போட்டேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. பயமாக இருந்தது.

மறுநாள் சாயந்திரம் படம் வந்தது. சாப்பாட்டு மேசையில் ஜெனி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். எங்கள் வீட்டு போர்டு. மூடியில் என் பெயர். உள்ளே சிவப்பு. அதற்குப் பக்கத்தில் அழகாக மடித்துச் சொருகிய கறுப்பு. தனியாக, எர்த் முனையில், பச்சை. இன்றைக்கு மஸ்கட்டில் பாதுகாப்பு அதிகாரி வந்து பார்த்தாலும் குறை சொல்ல மாட்டார்.

வேலுவின் குரல் தொடர்ந்தது. “அண்ணே, பயப்படாதீங்க. உங்க வூட்ல எல்லாம் கரெக்டா இருக்குது.” பிறகு சொன்னான். “உங்க வூட்ல மட்டும் கரெக்டா பண்ணிருக்கிறீங்கண்ணே.”

குத்தலாகச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னான்.

மூடியில் இருந்த அப்பன் பெயரைப் படிக்கத் தெரியாத பெண், ஒயர்களைப் படித்துவிட்டாள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள இனி வழி இல்லை. யார் வீட்டில் பச்சை போகலாம், யார் வீட்டில் போகக் கூடாது என்று இருபத்து நாலு வயதில் எனக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

6

சிஸ்டரிடம் நானே சொன்னேன். வேலு தப்பு செய்யவில்லை, ஏழுமலை பொய் சொல்லவில்லை, தப்பு என்னுடையது என்று.

“கறுப்பு வேணாம்னு நான்தானே சொன்னேன்,” என்றார்.

“ஊசி வேணாம்னு சொல்ற நோயாளிக்கு நீங்க ஊசி போடாம விட்டிருக்கீங்களா சிஸ்டர்?”

“விட மாட்டேன். ரெண்டு பேரப் புடிச்சிக்கச் சொல்லிப் போட்டுருவேன்.”

“அதத்தான் நான் செய்யல.”

வேலு சிஸ்டர் வீட்டில் புது நியூட்ரல் முனை போட்டு, ஆர்ச் விளக்கை அந்தச் செம்புக் கம்பியில் சேர்த்துவிட்டான். பிறகு ஒவ்வொரு வீடாகப் போய், எல்லா போர்டிலும் ஒவ்வொரு பச்சை முனையிலும் கறுப்பு டேப் சுற்றி, மூடிக்குள் ‘பச்சை = நியூட்ரல்’ என்று எழுதி ஒட்டுகிறான். ஒட்டுகிற சீட்டை ஜெனிதான் இங்கிருந்து தயார் செய்து அனுப்பினாள். ஆங்கிலத்தில் அடித்துவிட்டு, தமிழில் எப்படி எழுதுவது என்று ஒவ்வொரு எழுத்தாக என்னிடம் கேட்டு எழுதினாள். அந்தப் படத்தைப் பற்றி இன்னும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் என் சிவப்புப் பூட்டைக் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டேன்.

இரண்டாவது வீட்டில் வாஷிங் மெஷின் பச்சையில்தான் சேர்ந்திருந்தது. நல்லவேளை, அங்கே நியூட்ரல் முனை இன்னும் கறுக்கவில்லை. இதுவரை ஒன்பது வீடு முடிந்துவிட்டது. பத்தாவது வீட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அது மனைப்பிரிவுக்கு வெளியே, திண்டிவனத்திலிருந்து கிளியனூர் வருகிற பக்கம். வீட்டுக்காரர் மல்லாட்டை வியாபாரி, பெயர் மறந்துவிட்டது. முன்னறையில் எப்போதும் நாலைந்து வேர்க்கடலை மூட்டை கிடக்கும். மாடிப்படிக்குக் கீழே, குனிந்து போகிற இடத்தில் மெயின் போர்டு. பால் காய்ச்சிய அன்று எனக்கு வேட்டி எடுத்துக் கொடுத்து, சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று பரிமாறினார். வேலு அந்தச் சாலையில் இரண்டு முறை போய் விசாரித்துவிட்டான். வீடு கைமாறியிருக்கலாம், மாடி எழுப்பியிருக்கலாம், வாடகைக்கு யாராவது இருக்கலாம். மழை தொடங்கிவிட்டது.

அந்தப் பக்கத்தில் மாடிப்படிக்குக் கீழே போர்டு இருக்கிற வீட்டில் இருப்பவர்கள், மெயினை அணைத்துவிட்டு ஒரு எலக்ட்ரீஷியனை வைத்து மூடியைத் திறந்து பாருங்கள். உட்பக்கம் பென்சிலில், சாய்வாக, ‘தேவராஜ், எலக்ட்ரீஷியன், கிளியனூர்’ என்று இருந்தால், உள்ளே ஓடுகிற பச்சையை நம்பாதீர்கள். அது எர்த் இல்லை. போட்டவனுக்கு அன்றைக்கே தெரியும்.